நாய்க்குட்டி கேட்டால் ஏழு பக்கம் கேள்வி: ஒரு படிவத்தின் வரலாறு

உங்க வீட்டைச் சுத்தி வேலி இருக்கா? இருந்தா எத்தனை அடி உயரம்? சொந்த வீடா, வாடகை வீடா? வாடகைன்னா வீட்டு ஓனர்கிட்டேருந்து எழுத்துல சம்மதம் வேணும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வீட்டுல ஆள் இருக்க மாட்டாங்க? சின்னப் பசங்க உண்டா, என்ன வயசு? இதுக்கு முன்னாடி வளர்த்த நாய் எப்படிச் செத்துச்சு? உங்களைப் பத்திச் சொல்ல, சொந்தக்காரங்க அல்லாத மூணு பேரோட போன் நம்பர்? உங்க கால்நடை மருத்துவர் யாரு? எங்க ஆள் ஒருத்தர் வந்து வீட்டைப் பார்க்கச் சம்மதமா?

ஏதோ விசா விண்ணப்பம்னு நினைச்சா ஏமாந்தீங்க மக்களே. ஒரு கலப்பின நாயைத் தத்தெடுக்க என் ரூம்மேட் நிரப்பின படிவம் இது. மொத்தம் ஏழு பக்கம். மூணு நாள் கழிச்சு ரெண்டு வரியில பதில் வந்துச்சு: அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு இந்த நாயைக் கொடுக்கறதில்லை, நன்றி. "யுனிவர்சிட்டில சீட்டு வாங்கறப்பகூட இவ்ளோ கேக்கலையேடா மச்சி"ன்னு ஒரு நாள் முழுக்கப் புலம்பினான். அவன் கதை அவ்வளவுதான், இனிமே இந்தப் பதிவுல வரமாட்டான் :-)

தெருவுல பிறந்து, நாலு வீட்டுச் சோத்தைத் தின்னு, யாருக்கும் சொந்தமில்லாம எல்லாருக்கும் சொந்தமா இருக்கற நாய்களைப் பாத்து வளர்ந்தவங்க நாம. "நாய் வேணும்னா, நீ அதுக்குத் தகுதியானவன்னு நிரூபி" அப்படிங்கறது நமக்குக் கொஞ்சம் ஓவராத்தான் தெரியும். சும்மா திட்டிட்டுப் போறதை விட, இந்தக் கேள்விகள்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்ப்போமேன்னு லைப்ரரியில உக்காந்தேன். நோண்ட நோண்டத்தான் தெரிஞ்சுது, அந்தப் படிவத்துல பாதிக் கேள்விக்குப் பின்னால ஒரு செத்துப்போன நாய் இருக்கு. மீதிப் பாதிக்குப் பின்னால என்ன இருக்குங்கறதுதான் வில்லங்கம். பதிவு நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

உள்ளே போகறதுக்கு முன்னால ஒரு விளக்கம். அமெரிக்காவில் நாய் தத்துக் கொடுக்கிற இடம் ரெண்டு வகை. ஒண்ணு, நகராட்சியோ கவுண்டியோ நடத்துற, இல்லாட்டி அவங்க காசு கொடுத்து நடத்தச் சொல்ற காப்பகம். வர்ற நாயை வேண்டாம்னு சொல்ல அங்கே பெரும்பாலும் முடியாது, இடம் எப்பவுமே பத்தாது. அதனால கெடுபிடியும் கம்மி. இன்னொண்ணு, தன்னார்வலர்கள் நடத்துற மீட்புக் குழு. பல குழுக்களுக்குக் கட்டிடமே கிடையாது. காப்பகத்துலேருந்து நாய்களை எடுத்துட்டு வந்து, உறுப்பினர்கள் வீட்டுலயே வச்சுப் பராமரிச்சு, அப்புறம் தத்துக் கொடுப்பாங்க. ஏழு பக்கப் படிவம் பெரும்பாலும் இவங்க சமாச்சாரம்.

பவுண்டு

நம்ம ஊர்ல அடுத்தவன் வயல்ல மேஞ்ச மாட்டைப் பிடிச்சு அடைக்கிற இடத்துக்குப் பவுண்டுன்னு பேரு. கொண்டித்தொழுன்னும் சொல்லுவாங்க. அபராதம் கட்டினா மாடு திரும்பக் கிடைக்கும். வெள்ளைக்காரன் ஊர்லயும் பவுண்டு முதல்ல ஆடு மாட்டுக்குத்தான். அமெரிக்க நகரங்கள் பெருத்து, வெறிநாய்க்கடி பயமும் சேர்ந்தப்போ நாய்க்கும் தனியா பவுண்டு வந்துச்சு. ஒரு வித்தியாசம், மாட்டுக்கு விலை உண்டு, சொந்தக்காரன் தேடி வருவான். நாய்க்குப் பெரும்பாலும் யாரும் வரமாட்டாங்க. அப்ப என்ன பண்றது? கொன்னுடறது.

நியூயார்க்ல பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவுல, தெருநாயைப் பிடிச்சுட்டு வந்தா தலைக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்தாங்க. காசுன்னதும் தெருப் பசங்க கிளம்பிட்டாங்க. தெருநாய் கிடைக்கலைன்னா வாசல்ல படுத்திருக்கற வீட்டு நாயைத் திருடிட்டுப் போய் ஒப்படைச்சாங்க. பிடிச்ச நாய்களை இரும்புக் கூண்டுல அடைச்சு, கிரேன்ல தூக்கி, ஈஸ்ட் ரிவர்ல முக்கி எடுப்பாங்க. 1877 ஜூலையில் ஒரே நாளில் 700க்கும் மேற்பட்ட நாய்கள் இப்படிக் கொல்லப்பட்டதைப் பத்திரிகைகள் எழுதின. ஒளிவுமறைவு எல்லாம் கிடையாது, நகராட்சியோட அன்றாட வேலைகள்ல ஒண்ணு அது.

1866ல் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை ஆரம்பிச்சார். ஏ.எஸ்.பி.சி.ஏ.ன்னு இன்னைக்கும் இருக்கே, அதேதான். வண்டிக் குதிரையை அடிக்கறவனை நடுரோட்டுல நிறுத்திச் சண்டை போட்ட மனுஷன் அவர். ஆனா நாய்ப் பவுண்டை ஏத்து நடத்தச் சொல்லி நகராட்சி கேட்டப்போ முடியாதுன்னுட்டார். நாயைக் காப்பாத்த வந்த சங்கம் நாயைக் கொல்ற வேலையை எடுத்துக்கறதான்னு அவருக்குக் கேள்வி. 1888ல் அவர் போய்ச் சேர்ந்தார். 1894ல் சங்கம் அந்த வேலையை ஏத்துக்கிச்சு, 1994 முடியற வரைக்கும் நூறு வருஷம் செஞ்சுச்சு. அவர் பயந்த மாதிரியே அந்த நூறு வருஷத்துல சங்கத்தோட கையாலயே எத்தனையோ லட்சம் நாய் பூனை செத்துச்சு. "எங்க கையால சாகக்கூடாது, எங்க கையைவிட்டுப் போய் எங்கேயோ சீரழிஞ்சும் சாகக்கூடாது" அப்படிங்கற ரெண்டு தவிப்புதான் இந்தக் கதை முழுக்க ஓடப்போகுது.

கடலுக்கு அந்தப் பக்கம் லண்டன்ல 1860லயே மேரி டீல்பிங்கற அம்மா, ஹாலோவே பகுதியில், தொலைஞ்சுபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்கு ஒரு தற்காலிக இல்லம் ஆரம்பிச்சாங்க. மனுஷங்களே பட்டினி கிடக்கிற ஊர்ல நாய்க்கு வீடான்னு டைம்ஸ் பத்திரிகை கிண்டலடிச்சுது. 1862ல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திக்கிட்டிருந்த பத்திரிகையில அதை மெச்சி ஒரு கட்டுரை வந்துச்சு, மக்கள் ஆதரவும் கூடுச்சு. 1871ல் பேட்டர்ஸீக்கு இடம் மாறின அந்த இல்லம் இன்னைக்கும் அங்கேயே இருக்கு.

முதல் நிராகரிப்பு

இப்ப வர்றவங்கதான் இந்தப் பதிவோட கதாநாயகி. பிலடெல்பியாவின் கரோலின் எர்ல் ஒயிட். 1867ல் பென்சில்வேனியா விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவாக ஓடியாடி வேலை செஞ்சவங்க. சங்கம் உருவானதும் நிர்வாகக் குழுவுல அவங்களுக்கு இடமில்லை, ஏன்னா பொம்பளை. சரிதான் போங்கடான்னு 1869ல் மகளிர் கிளையைத் தனியா ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்ச கையோட தெருநாய் விவகாரத்தை நகராட்சிகிட்டேருந்து வாங்கி ஒரு காப்பகம் திறந்தாங்க. அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க. அங்கே நாய்க்குச் சோறு உண்டு, தண்ணி உண்டு, வீடு தேடிக் கொடுக்கிற முயற்சியும் உண்டு. வீடு கிடைக்காத நாய்களை அவங்களும் கொன்னாங்க, ஆனா அடிச்சும் முக்கியும் இல்லை, முடிஞ்ச வரைக்கும் வலியில்லாம.

காப்பகம் திறந்த கொஞ்ச நாள்லயே, 1870களின் தொடக்கத்தில், ஒரு பெரிய மனுஷன் நாய் கேட்டு வந்தார். எஸ். வியர் மிட்செல். நரம்பியல் மருத்துவத்துல பெரிய பேரு. கை கால் போனவங்களுக்கு இல்லாத கையில வலிக்குமே, அதைப் பத்தி விரிவா எழுதினவர் அவர்தான். எப்படியும் சாகப்போற நாய்கள்தானே, எங்க பரிசோதனைக்குக் கொடுங்களேன்னு கேட்டார். ஒயிட் அம்மா முடியாதுன்னுட்டாங்க.

என்னைக் கேட்டா, அந்த ஏழு பக்கப் படிவத்தோட விதை இங்கேதான் விழுந்துச்சு. அதுவரைக்கும் பவுண்டுல யார் வேணா காசு கட்டி நாயை ஓட்டிட்டுப் போலாம். எதுக்குன்னு கேள்வி கிடையாது. "நீ யாரு, இந்த நாயை என்ன பண்ணப்போற?"ங்கற கேள்வியை ஒரு காப்பகம் கேட்டு, பதில் பிடிக்காம, அதுவும் ஊர்லயே பெரிய டாக்டரைத் திருப்பி அனுப்பிச்சது சாதாரண விஷயமில்லை. ஒயிட் அம்மா அதோட நிக்கலை. 1883ல் உயிரோட அறுத்துச் சோதிக்கிறதை எதிர்க்க நாட்டளவில் ஒரு சங்கத்தையும் பிலடெல்பியாவுலயே தொடங்கினாங்க. காப்பகமும் சோதனைச்சாலை மேல அவநம்பிக்கையும் ஒரே தாய்க்குப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க.

சோதனைச்சாலைக்குப் போற வேன்

அந்த அவநம்பிக்கை வீண் இல்லைன்னு எண்பது வருஷம் கழிச்சு நிரூபணம் ஆச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கொட்டுச்சு. இதய அறுவை சிகிச்சை, உறுப்பு மாற்று, புது மருந்துன்னு எல்லாத்துக்கும் நாய் வேணும். நாய் எங்கே மலிவா கிடைக்கும்? காப்பகத்துல. ஆனா காப்பகம் தரமாட்டேங்குது. அப்ப சட்டம் போடு! 1940களின் கடைசியில் மினசோட்டாவில் ஆரம்பிச்சு பல மாநிலங்கள்ல, ஆராய்ச்சிக்கூடம் கேட்டா காப்பகம் நாயைக் கொடுத்தே ஆகணும்னு சட்டம் வந்துச்சு. நியூயார்க்கில் 1952ல் வந்த மெட்கால்ஃப் ஹாட்ச் சட்டம் இதுல பிரபலம். அரசுப் பணம் வாங்குற காப்பகங்கள் அடங்கித்தான் ஆகணும். 1979 வரைக்கும் அந்தச் சட்டம் உயிரோட இருந்துச்சு.

ஒரு பேச்சுக்கு இப்படி யோசிங்க. உங்க நாய் தொலைஞ்சுபோச்சு. காப்பகத்துக்குப் போயிருக்கும், பத்திரமா இருக்கும்னு நீங்க நம்பறீங்க. அங்கே நாள் கணக்கு முடிஞ்சதும் அது வேன்ல ஏறி மருத்துவக் கல்லூரிக்குப் போகுது. சட்டப்படி! இதை எதிர்க்கிறதா, அனுசரிச்சுப் போறதாங்கற சண்டையிலதான் விலங்குநலச் சங்கங்களே உடைஞ்சுது. பழைய அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் வளைஞ்சு கொடுக்குதுன்னு கோவிச்சுக்கிட்டு வெளியே வந்தவங்கதான் 1954ல் ஹியூமேன் சொசைட்டி ஆஃப் தி யுனைடட் ஸ்டேட்ஸை ஆரம்பிச்சாங்க.

சட்டம் போதாதுன்னு தரகர்களும் முளைச்சாங்க. "நல்ல வீட்டுக்கு இலவசம்"னு பேப்பர்ல விளம்பரம் பார்த்தா, நல்ல பிள்ளையாட்டம் போய் வாங்கிட்டு வந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு வித்துடுவாங்க. சில பேர் நேரடித் திருட்டு. 1965ல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தோட பண்ணையிலேருந்து பெப்பர்ங்கற டால்மேஷன் நாய் காணாமப்போச்சு. தரகர் வேன்ல அது ஏறினது தெரிஞ்சு குடும்பம் துரத்திட்டுப் போச்சு. காங்கிரஸ் உறுப்பினர் ஜோசப் ரெஸ்னிக் தலையிட்டும் தரகர் இடத்துக்குள்ள விடலை. கடைசியில நியூயார்க் ப்ராங்க்ஸ்ல ஒரு மருத்துவமனையில், பேஸ்மேக்கர் சம்பந்தப்பட்ட பரிசோதனையில், அது செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுது. அந்த வருஷக் கடைசியில ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில கதை வந்துச்சு. 1966 பிப்ரவரியில் லைஃப் பத்திரிகை ஒரு தரகரோட நாய்ப்பட்டியைப் படம் பிடிச்சுப் போட்டுச்சு, எலும்பும் தோலுமா நாய்கள். நாடே கொதிச்சுப்போய்க் கடிதம் எழுதுச்சு. 1966 ஆகஸ்ட் 24ல் ஜனாதிபதி ஜான்சன் சோதனை விலங்குகள் நலச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். தரகர்னா உரிமம் வாங்கணும், கணக்கு வைக்கணும்னு அதுல இருந்துச்சு.

இப்ப அந்தப் படிவத்தைத் திரும்பப் பாருங்க. மூணு பேரோட போன் நம்பர், வீட்டைப் பார்க்க வர்றது, "இந்த நாயை வேற யாருக்கும் கொடுக்கக்கூடாது, வேண்டாம்னா எங்ககிட்டயே திருப்பித் தரணும்"ங்கற ஒப்பந்த ஷரத்து, இலவசமா கொடுக்கவே மாட்டோம்ங்கற பிடிவாதம். நல்லவன் மாதிரி வந்து நாயை வாங்கிட்டுப் போய் வித்த ஆட்கள் நிஜமாவே இருந்தாங்க. நாய்ச் சண்டைக்காகச் சின்ன நாய்களை வாங்கறாங்கங்கற பயமும் சேர்ந்துக்கிச்சு. கேள்வி கேட்டவங்க கிறுக்கர்கள் இல்லை.

கோடிக்கணக்கில்

அடுத்த காயம் 1970கள். கருத்தடை பரவலா இல்லாத காலம். குட்டி போடுது, கொண்டுவந்து காப்பகத்துல தள்ளறாங்க, காப்பகம் கொல்லுது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல நாய் பூனைகள் காப்பகங்கள்ல கொல்லப்பட்டதா அன்றைய மதிப்பீடுகள் சொல்லுது. ஒரு கோடிங்க! 1971ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி குறைஞ்ச செலவுல கருத்தடை செய்ய மருத்துவமனை திறந்துச்சு, மத்த ஊர்களும் பின்னாடியே வந்துச்சு. தத்து எடுக்கணும்னா கருத்தடை கட்டாயம்ங்கற விதி இந்தக் காலத்துல வேர் பிடிச்சது. மொத்த விதிகள்ல நாய்களுக்கு நிஜமா நல்லது பண்ணின விதி எதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு இதைச் சொல்லலாம். ஏ.எஸ்.பி.சி.ஏ. கணக்குப்படி 2019ல் கொல்லப்பட்டவை சுமார் 9,20,000. ஒரு கோடிக்கு மேலேருந்து பத்து லட்சத்துக்குக் கீழ இறங்கினது சும்மா இல்லை. ஆனா ஒன்பது லட்சமும் சும்மா இல்லை. இந்த எண்ணை மனசுல வச்சுக்கங்க, பின்னால தேவைப்படும்.

இதெல்லாம் நடந்தப்போ காப்பகத்துல வேலை பார்த்தவங்க மனநிலையை யோசிச்சுப் பார்த்தேன். காலையில ஒருத்தன் வந்து குட்டி வாங்கிட்டுப் போறான். ஆறு மாசத்துல அதையோ அதோட குட்டிகளையோ கொண்டுவந்து தள்ளறான். சாயங்காலம் ஊசி போடறது இவங்க. பத்து வருஷம் இந்த வேலை பார்த்தா, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கற எவனைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வரும். கேள்விப் பட்டியல் நீண்டுக்கிட்டே போனதுல ஆச்சரியம் இல்லை.

கட்டிடமே இல்லாத காப்பகம்

1996ல் பெட்ஃபைண்டர் வலைத்தளம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாய் தத்துக் கொடுக்கணும்னா கட்டிடம் வேணும், ஆள் வந்து போக இடம் வேணும். இப்ப ஒரு கேமராவும் இணைய இணைப்பும் போதும், நாலு பேர் சேர்ந்தா ஒரு மீட்புக் குழு. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குழு, ஒவ்வொரு ஊருக்கும் பத்துக் குழு. நல்ல விஷயம்தான். காப்பகத்துல செத்திருக்க வேண்டிய எத்தனையோ நாய்கள் இவங்களால பிழைச்சுது.

ஆனா இங்கே ஒரு சூட்சுமம் இருக்கு. நகராட்சிக் காப்பகத்துல நாய் கூண்டுல இருக்கும். மீட்புக் குழு நாய் ஒரு அம்மாவோட கட்டில்ல அவங்களோட தூங்கும். மூணு மாசம் கூட வச்சிருந்து, மருந்து கொடுத்து, பயம் தெளிய வச்சவங்க, யாரோ முகம் தெரியாத ஆளுக்குக் கொடுக்கணும். பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கத் தோணுமா தோணாதா? ஒரு அழகான குட்டிக்கு முப்பது விண்ணப்பம் வந்தா வடிகட்ட ஏதாவது அளவுகோல் வேணும். வேலி, சொந்த வீடு, வயசு, வேலை நேரம்னு சட்டுனு கழிக்க வசதியா இருக்கறதெல்லாம் அளவுகோல் ஆச்சு.

2007ல் ரெண்டு சம்பவம் அடுத்தடுத்து நடந்துச்சு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். ஏப்ரல்ல அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்கோட வர்ஜீனியா பண்ணையில் நாய்ச் சண்டைக் கும்பல் பிடிபட்டுச்சு. தோத்த நாய்களைத் தூக்குல போட்டும் தண்ணில அமுக்கியும் கொன்னது வெளியே வந்துச்சு. மீட்கப்பட்ட நாய்கள்ல 22 யூட்டா மாநிலத்துல உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போச்சு. நீ யாருன்னு கேட்கணும்னு சொல்றவங்களுக்கு இதை விட வலுவான வாதம் இருக்க முடியாது.

அக்டோபர்ல அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். டிவி நட்சத்திரம் எலன் டிஜெனரஸ் பசடேனாவில் ஒரு சின்ன மீட்புக் குழுகிட்டேருந்து இக்கிங்கற நாயைத் தத்தெடுத்திருந்தாங்க. அவங்க வீட்டுப் பூனைகளோட அதுக்கு ஒத்துப்போகலை. தன்னோட சிகையலங்காரக்காரர் குடும்பத்துக்குக் கொடுத்துட்டாங்க. அந்த வீட்டுல ரெண்டு பெண் பிள்ளைங்க, நாயும் அவங்களோட ஒட்டிக்கிச்சு. வேற யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கேன்னு குழு வந்து நாயைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. எலன் நிகழ்ச்சியிலயே அழுதாங்க. நாடே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. குழு நடத்தினவங்களுக்குக் கொலை மிரட்டல் வரைக்கும் போச்சு, அது அசிங்கம். பெப்பர் காலத்துல தரகரைத் தடுக்கப் பிறந்த ஷரத்து, இங்கே ரெண்டு சின்னப் பொண்ணுங்க மடியிலேருந்து நாயைப் பிடுங்க உபயோகமாச்சு. இடையில ஷரத்து ஒரு எழுத்தும் மாறலை, அது யார் மேல பாயுதுங்கறதுதான் மாறுச்சு.

கத்ரீனா

ஆனா இந்த விஷயத்துல நிஜமான பரீட்சை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நடந்துடுச்சு. 2005 ஆகஸ்ட், நியூ ஆர்லியன்ஸ், கத்ரீனா புயல். ஊரை விட்டு வெளியேற்ற வந்த பஸ்லயும் முகாம்லயும் நாய் பூனைக்கு இடமில்லை. சூப்பர்டோம் வாசல்ல ஒரு சின்னப் பையன்கிட்டேருந்து ஸ்னோபால்ங்கற வெள்ளை நாய்க்குட்டியைப் போலீஸ்காரர் பிடுங்கினதும், அவன் வாந்தி எடுக்கற அளவுக்கு அழுததும் செய்தியா வந்து நாட்டையே உலுக்குச்சு. நாயை விட்டுட்டு வரமாட்டேன்னு வீட்டுலயே தங்கிச் செத்தவங்களும் உண்டு. ரெண்டு நாள்ல திரும்பிடலாம்னு நம்பி, சோறும் தண்ணியும் வச்சுட்டு வந்தவங்கதான் நிறைய.

நாடு முழுக்கலேருந்து மீட்புக் குழுக்கள் படகுல போய், கூரைமேல நின்ன நாய்களை ஆயிரக்கணக்குல காப்பாத்தினாங்க. உயிரைப் பணயம் வச்ச வேலை, அதுல சந்தேகமே இல்லை. லூசியானாவில் இடம் பத்தாம நாய்களை மத்த மாநிலங்களுக்கு அனுப்பினாங்க. அங்கே புது வீடுகளுக்குத் தத்தும் கொடுத்தாங்க.

மாசங்கள் கழிச்சு, எங்கெங்கேயோ முகாம்ல சிதறிக் கிடந்த சொந்தக்காரங்க நாயைத் தேட ஆரம்பிச்சாங்க. இணையத்துல படத்தைப் பார்த்து, இது எங்க நாய்தான்னு கண்டுபிடிச்சு, போன் பண்ணினா சில இடங்கள்ல பதில் என்ன தெரியுமா? தரமாட்டோம். ஏன்? நாய்க்குக் கருத்தடை செய்யலை. நாய்க்கு இதயப்புழு இருந்துச்சு. விட்டுட்டுப் போயிட்டீங்க. நீங்க நல்லா வளர்க்கலை.

இதயப்புழு கொசுவால பரவுறது. சதுப்பு நிலமும் கொசுவுமா இருக்கற லூசியானாவுல அது சர்வ சாதாரணம். தடுக்க மாசாமாசம் மருந்து வாங்கணும், அதுக்குக் காசு வேணும். வடக்கே குளிர் மாநிலத்துல இருக்கற தன்னார்வலருக்கு அது கொடுமைக்கான அத்தாட்சியாத் தெரிஞ்சுது. நியூ ஆர்லியன்ஸ் ஏழைக்கு அது காய்ச்சல் மாதிரி ஒரு வியாதி. நாயை இழந்தவங்கள்ல நிறைய பேர் கறுப்பின மக்கள், ஏழைகள், வயசானவங்க. வீடு போச்சு, சிலருக்குச் சொந்தமும் போச்சு, மிச்சம் இருந்தது அந்த நாய்தான். வழக்குகள் நடந்துச்சு, சிலருக்கு நாய் திரும்பக் கிடைச்சுது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. இதைப் பத்தி 2009ல் 'மைன்'னு ஒரு ஆவணப்படம் வந்துச்சு. "என்னுடையது"ன்னு அர்த்தம். நாயை விட மறுத்த ரெண்டு தரப்பும் சொன்னது அந்த ஒரே வார்த்தைதான். கிடைச்சா பாருங்க.

2006 அக்டோபரில் ஒரு சட்டம் வந்துச்சு. பேரிடர் வெளியேற்றத் திட்டத்துல வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்கணும்ங்கறது அதோட சாரம். அது சரி. ஆனா "யார் நல்ல எஜமான்"ங்கற கேள்விக்கு எந்தச் சட்டமும் பதில் சொல்லலை. பதில் சொல்ற அதிகாரம் படிவம் வச்சிருக்கறவங்ககிட்டயே இருந்துச்சு.

எண்ணிப் பார்த்தவர்கள்

இந்த நேரத்துலதான் சில பேர், நம்ம விதிகள் வேலை செய்யுதான்னு எண்ணிப் பார்க்க ஆரம்பிச்சாங்க. நம்ம மாணவர் புத்திக்குப் பிடிச்ச பகுதி இது :-)

இலவசமா கொடுத்தா மதிக்க மாட்டாங்கங்கறது காப்பக உலகத்தோட வேதவாக்கு. 2009ல் வைஸ், கிராமன்னு ரெண்டு பேர் வளர்ந்த பூனைகளை வச்சு இதைச் சோதிச்சாங்க. காசு கொடுத்து எடுத்தவங்க, இலவசமா எடுத்தவங்க, ரெண்டு தரப்புக்கும் பூனைமேல இருந்த பாசத்துல வித்தியாசமே தெரியலை. பரிசா கொடுக்கறதுக்கு நாய் தரக்கூடாதுங்கறது இன்னொரு விதி. 2013ல் வந்த ஆய்வுல, பரிசா நாய் பூனை கிடைச்சவங்கள்ல 96 சதவீதம் பேர், அதனால பாசம் கூடுச்சு இல்லாட்டி ஒரு பாதிப்பும் இல்லைன்னு சொன்னாங்க. 2012 ஜனவரியில் ஸ்லேட் இதழ்ல எமிலி யோஃப் இந்தக் கெடுபிடிகளைப் பத்தி எழுதினாங்க. மறுக்கப்பட்டவங்கள்ல பல பேர் நேரா போய் விலைக்கு நாய்க்குட்டி வாங்கினாங்கன்னு அதுல தெரிஞ்சுது. நல்ல வீடு வேணும்னு போட்ட வேலி, நல்ல வீட்டை நாய் வியாபாரிகிட்ட தள்ளி விட்டுச்சு. காப்பகத்துல அந்த 9,20,000ல் ஒண்ணுக்குப் போயிருக்கக்கூடிய இடம் அது.

கால்நடை மருத்துவர் சான்று விஷயத்தை எடுத்துக்கங்க. முதல் தடவை நாய் வளர்க்கறவனுக்கு மருத்துவர் எங்கேருந்து வருவார்? நீந்தத் தெரிஞ்சாதான் தண்ணில இறங்க விடுவேன்ங்கற கதை. ஆறடி வேலியும் அப்படித்தான். வேலி இருக்கற வீட்டுல நாயைக் கொல்லைப்புறத்துல விட்டுட்டு மறந்துடலாம். வேலி இல்லாத அபார்ட்மெண்ட்காரன் மழையோ பனியோ ஒரு நாளைக்கு மூணு தடவை கூட்டிட்டுப் போயே ஆகணும்.

2010கள்ல ஹியூமேன் சொசைட்டி (2025ல் ஹியூமேன் வேர்ல்ட் ஃபார் அனிமல்ஸ்னு பேரை மாத்திக்கிச்சு) முதலான பெரிய சங்கங்களே, படிவத்தைத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்து பேசுங்கன்னு காப்பகங்களுக்குச் சொல்ல ஆரம்பிச்சுது. தப்பான ஆளைக் கண்டுபிடிச்சுக் கழிக்கிறது வேலையில்லை, வந்த ஆளுக்கு எந்த நாய் பொருந்தும்னு பார்க்கறதும், அவருக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்கறதும்தான் வேலைங்கறது இந்தப் பார்வை. நிறைய நகராட்சிக் காப்பகங்கள் மாறிடுச்சு. தனியார் குழுக்கள்ல நிறைய பேர் மாறலை. 2020 கொரோனா முடக்கத்துல எல்லாரும் நாய் கேட்டு வந்தப்போ அந்த வரிசை இன்னும் நீண்டுச்சு. அப்புறம் அலை வடிஞ்சு காப்பகங்கள் மறுபடி நிரம்பினப்பகூடப் பல படிவங்கள் அப்படியேதான் இருந்துச்சு.

கடைசியா என் ரெண்டு பைசா

விதியே வேண்டாம்னு நான் சொல்லலை. தரகரும் உண்மை, விக்கும் உண்மை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து யாரோ தூக்கிப் போட்ட குட்டிக்குப் பால் புகட்டறவங்களுக்கு, "யாருக்குக் கொடுக்கறோம்?"னு கேட்க எல்லா உரிமையும் உண்டு. கருத்தடை, கடிச்சா என்ன பண்ணுவ, முடியலைன்னா எங்ககிட்டயே கொண்டுவா. இதெல்லாம் நாயைப் பத்தின கேள்வி. இருக்கட்டும்.

சொந்த வீடா, வேலி இருக்கா, எவ்வளவு நேரம் வேலைக்குப் போற, இதெல்லாம் பாதுகாப்புக் கேள்வி மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வர்ற அந்தஸ்துக் கேள்வி. நாய்க்கு அடமானக் கடன் பத்திரம் படிக்கத் தெரியாது.

கரோலின் ஒயிட் அம்மா அன்னைக்கு "முடியாது"ன்னு சொன்னது பிலடெல்பியாவிலயே செல்வாக்கான டாக்டர்கிட்ட. ஓட்டுரிமைகூட இல்லாத ஒரு பொம்பளை, சாகப்போற ஒரு தெருநாய்க்காக, தன்னைவிட மேல இருந்தவர்கிட்ட சொன்ன வார்த்தை அது. நூத்தைம்பது வருஷத்துல அதே வார்த்தை படிவமாகி, அச்சாகி, வாடகை வீட்டுக்காரன், நைட் ஷிப்டு நர்ஸ், வெள்ளத்துல எல்லாம் இழந்த கிழவின்னு கீழ கீழ இறங்கிக்கிட்டே வந்திருக்கு. தைரியமா இருந்தது வெறும் வழக்கமாகிப்போச்சு.

டிஸ்கி: இங்கே நாய் தத்து எடுத்த, இல்லாட்டி எடுக்க முடியாமப்போன பதிவர்கள் பின்னூட்டத்துல உங்க ஊர் நிலவரத்தை எழுதுங்க. லண்டன், டொராண்டோ, சிட்னி மக்கள் கண்டிப்பா எழுதணும். மீட்புக் குழுவுல வேலை செய்யற யாராவது இருந்தா, திட்டறதா இருந்தாலும் வாங்க, கேட்டுக்கறேன். அடுத்த பதிவுல பூனைக்கு வர்றேன்.